தூக்கம் வராமல் இருக்க மாத்திரை கேட்ட லாரி டிரைவருக்கு

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் ஆம்பூர் பக்கம், வயது 42. பத்து வீல் லாரி ஓட்டுகிறேன். ஆம்பூரில் ஷூ பெட்டி ஏற்றிப் புனே போவோம். அங்கிருந்து வெங்காயம் ஏற்றி வேலூர் மண்டிக்கு வருவோம். பொங்கல் நெருங்கினால் லோடு அதிகம். லோடு ஏறி முப்பது மணி நேரத்தில் மண்டியில் நிற்கணும் என்கிறார் ஓனர். கூட ஒரு கிளீனர் பையன்தான், மாத்து டிரைவர் கிடையாது. போன மாதம் பர்கூர் தாண்டி ஒரு நொடி கண் அசந்துவிட்டேன். வண்டி ஓரக் கோட்டைத் தாண்டிவிட்டது. பையன் கத்தியதால் தப்பித்தோம். எங்கள் லைனில் சிலர் தூக்கம் வராமல் இருக்க ஒரு மாத்திரை போடுகிறார்கள். நானும் போடலாமா? மூன்று வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சாயங்காலமானால் கால் வீங்குகிறது. குறட்டை தாங்க முடியவில்லை என்று வீட்டில் திட்டு வேறு. பொங்கலன்று காலையில் வீட்டில் இருப்பதாகச் சின்னப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: மாத்திரை வேண்டாம். அதில் பாதி போடலாமா, எப்போதாவது போடலாமா என்கிற பேச்சுக்கே இடமில்லை.

அந்த மாத்திரை உங்கள் உடம்புக்கு வேண்டிய தூக்கத்தைக் குறைப்பதில்லை. தூக்கம் வருகிறது என்ற உணர்வை மட்டும் சில மணி நேரம் மறைத்து வைக்கிறது. அதன் வேகம் இறங்கும்போது பாக்கி இருக்கும் தூக்கமெல்லாம் ஒரே மூச்சில் வந்து அமுக்கும். அந்த நேரத்தில் நீங்கள் தாபா கட்டிலில் இருப்பீர்களா, ஸ்டீயரிங்கில் இருப்பீர்களா என்பது உங்கள் கையில் இல்லை. பிரஷரும் இதயத் துடிப்பும் ஏறும். உங்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த வகை மாத்திரைகள் பசியை அடக்கும். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுப் பசி தெரியாமல் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடலாம்.

பர்கூரில் நடந்ததை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். நான் அதிலேயே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி நான்கு நொடியில் அறுபது மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அவ்வளவு தூரமும் லோடு வண்டியை யாரும் ஓட்டவில்லை என்று அர்த்தம். கண் மூடியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கண் திறந்தபடியே மூளை சில நொடி அணைந்துபோகும். அது வருவதற்கு முன்னால் உடம்பு சொல்லிவிடும். கொட்டாவி அடுத்தடுத்து வரும். கடைசியாகத் தாண்டிய டோல்கேட் எது என்று யோசித்தால் நினைவுக்கு வராது. முன்னால் போகிற வண்டியின் பிரேக் லைட் எரிந்த பிறகும் கால் தாமதமாக நகரும். வண்டி கோட்டை உரசி உரசிப் போகும். தலை ஒரு தடவை தொங்கினாலே ஆட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருகிற பங்க்கிலோ லாரிகள் நிற்கிற லே-பையிலோ ஓரம் கட்டிவிட வேண்டும். "ஓசூர் தாண்டிடலாம்" என்ற யோசனையே வரக் கூடாது.

முகம் கழுவுவது, ஜன்னலைத் திறந்து குளிர்காற்று வாங்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, புகையிலை பாக்கெட்டை உதட்டுக்குள் அடக்குவது, இதெல்லாம் சில நிமிடத்துக்குத்தான் தாங்கும். புகையிலை வாயையும் கெடுக்கும். டீ, காபி ஓரளவு உதவும். ஆனால் குடித்ததும் உதவாது, இருபது முப்பது நிமிடம் ஆகும். அதனால் ஸ்ட்ராங்காக ஒரு காபி குடியுங்கள். குடித்ததும் போனில் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துக் கேபினில் படுத்துவிடுங்கள். எழுந்திருக்கும் நேரத்துக்குக் காபியும் வேலை செய்ய ஆரம்பிக்கும். எழுந்தவுடன் சாவியைத் திருப்பாதீர்கள், கால் மணி நேரம் வண்டியைச் சுற்றி நடங்கள், டயரைத் தட்டிப் பாருங்கள், அப்புறம் ஏறுங்கள். இது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கான முட்டுக்கொடுப்புதான். இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது.

சரி, ஓனரின் முப்பது மணி நேரத்துக்கு வருவோம். புனேயிலிருந்து வேலூர் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். லோடோடு சராசரி 45 கிலோமீட்டர் வேகம் என்றாலே ஸ்டீயரிங்கில் மட்டும் இருபத்து மூன்று, இருபத்து நான்கு மணி நேரம். டோல்கேட், டீசல், இரண்டு வேளைச் சாப்பாடு, பெங்களூரு நெரிசல் எல்லாம் சேர்த்து இன்னொரு மூன்று மணி நேரம் போட்டால், முப்பதில் உங்களுக்கு மிஞ்சுவது மூன்று மணி நேரம். இதில் தூங்குவது எங்கே? தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் அளவுக்கு மந்தமாகிவிடுகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு வரம்பு 30 மில்லிகிராம். அதாவது ஒரு சொட்டுகூடக் குடிக்காமலேயே நீங்கள் அந்த நிலைக்கு மேலே போய்விடுகிறீர்கள், ஊதச் சொன்னால் மிஷினில் மட்டும் ஒன்றும் காட்டாது.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்காக 1961-இல் வந்த சட்டத்திலேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு என்று எழுதி வைத்தார்கள். நீண்ட தூர ஓட்டத்துக்கும் பண்டிகைக் காலத்துக்கும் தனியாக அனுமதி வாங்கினாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் கிடையாது என்றும் அதில் இருந்தது. பண்டிகை வந்தால் என்ன நடக்கும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். ரோட்டில் இது எவ்வளவு நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஓனரிடம் சட்டம் பேசினால் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார் என்ற பயமும் எனக்குப் புரிகிறது. அதனால் கணக்கைப் பேசுங்கள். மேலே உள்ள மணிக் கணக்கை அப்படியே சொல்லுங்கள். பர்கூரில் நடந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரே டிரைவர் என்றால் நடுவில் இரண்டு இரவு, ஒவ்வொன்றிலும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம். அது முடியாது என்றால் பேட்டா கொடுத்து மாத்து டிரைவர். தக்காளி லோடாக இருந்தால் அவர் பதறுவதில் நியாயம் இருக்கும். வெங்காயம் ஒரு நாள் தாமதத்தில் அழுகிவிடாது. வண்டி சாய்ந்தால் வண்டி, சரக்கு, கேஸ், எல்லாம் அவர் தலையில்தான் என்பது அவருக்கும் தெரியும். ஒன்று, அவசரத்துக்கு என்று லைசென்ஸ் இல்லாத கிளீனர் பையனிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிடாதீர்கள்.

தூங்கும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். எவ்வளவு பழகிய டிரைவரானாலும் விடியற்காலை இரண்டு முதல் ஐந்து ஆறு மணி வரை உடம்பு அடங்கிப் போகும். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை இன்னொரு சின்ன மந்தம் உண்டு. காலையில் மண்டியில் நிற்க வேண்டும் என்றால், சரியாக அந்த விடியற்காலையில்தான் நீங்கள் கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி வரை ஓட்டுகிறீர்கள். மார்கழிக் கடைசி. ஏலகிரி, ஜவ்வாது மலைகளின் பக்கம் அந்த நேரத்தில் பனி இறங்கி நிற்கும். போகியன்று பழைய பொருளை எரிக்கிற புகையும் பனியோடு சேர்ந்துகொள்ளும். அதோடு, வீடு நெருங்கும்போது மனசு தளர்ந்துவிடும். ஆயிரம் கிலோமீட்டரில் நான் அதிகம் பயப்படுவது இந்தக் கடைசி நூறுக்குத்தான். ரோடு தெரிந்த ரோடு, வளைவு தெரிந்த வளைவு, வீட்டு ஞாபகம் வேறு. உடம்பு வந்து சேர்ந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்ளும்.

அதனால் என் யோசனை இது. பெங்களூரைத் தாண்டிய இரவை ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் எங்காவது ஹால்ட் போட்டுக் கழியுங்கள். பத்து மணிக்குப் படுத்தால் ஐந்துக்கு எழலாம். பனி இருந்தால் வெயில் ஏறும் வரை இன்னொரு டீ குடியுங்கள். பனியில் ஓட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். டிம்மில் வைத்து இடது லேனில் மெதுவாக வாருங்கள். ஓடுகிற வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, போகிறீர்களா, லேன் மாறுகிறீர்களா என்றே தெரியாது. அதை நின்றுபோன வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேபினில் தூங்குவது பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிருக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னலை முழுக்க ஏற்றிவிட்டு, உள்ளே அடுப்போ கரிச் சட்டியோ வைத்துக்கொள்வது நடக்கிறது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழாமலே போய்விடுவார். கொசுவர்த்தியையும் மூடிய கேபினில் ஏற்ற வேண்டாம். ஜன்னலுக்குக் கொசு வலையை வெட்டி ஒட்டி, இரண்டு பக்கமும் கொஞ்சம் திறந்து வைத்து, கம்பளி போர்த்திப் படுங்கள்.

சளி பிடித்தால் மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மாத்திரையிலும் கவனம் வேண்டும். சிட்ரிசின், குளோர்பெனிரமின் கலந்த சளி மாத்திரைகளும் சில இருமல் டானிக்குகளும் தூக்கத்தைக் கொண்டுவரும். லாரி ஓட்டுகிறேன் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் அன்று இரவு வண்டி எடுக்காதீர்கள்.

இனி சர்க்கரை. உங்கள் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். மெட்பார்மின் மட்டும் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு என்று ஏதாவது சேர்ந்திருந்தால், அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கவே கூடாது. சாப்பாடு கையில் வந்த பிறகுதான் மாத்திரை. "ஒன்பது மணிக்குப் போடச் சொன்னாங்க" என்று ஓடுகிற வண்டியில் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு, பதினொன்றரைக்குத் தாபா தேடுவது சரிப்படாது. பயண நாட்களில் எந்த வேளை மாத்திரையை எப்படி மாற்றிக்கொள்வது என்று உங்கள் டாக்டரிடம் கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பார்வை மங்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். எஞ்சின் சூட்டில் வியர்வை சாதாரணம் என்பதால் டிரைவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். கிளீனர் பையனிடம் சொல்லி வையுங்கள்: "நான் காரணமில்லாம உன்மேல எரிஞ்சு விழுந்தா, வண்டிய நிறுத்தச் சொல்லு." அப்படி வந்தால் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்து, மூன்று ஸ்பூன் குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். முதலில் பிஸ்கட்டைத் தேடாதீர்கள், அது ரத்தத்தில் சேர நேரமாகும். கால் மணி நேரம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் அதே அளவு. அப்புறம் வயிறாரச் சாப்பிடுங்கள். அளவு சரியான பிறகும் முக்கால் மணி நேரம் காத்திருங்கள், மூளை தெளிய அவ்வளவு நேரம் வேண்டும். சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் கிளம்பும் முன் 90-க்கு மேல் இருப்பது நல்லது. விரலில் குத்திப் பார்க்கும் மிஷினும் குளுக்கோஸ் பாக்கெட்டும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும், தார்ப்பாய்க்கு அடியில் பையில் இருந்தால் பயனில்லை.

சாப்பாடு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரி பரோட்டா சால்னாவை முழு வயிறு சாப்பிட்டுவிட்டு வண்டி எடுத்தால் அரை மணி நேரத்தில் சொக்கும். சப்பாத்தி, பருப்பு, முட்டை, வெள்ளரிக்காய் எல்லாத் தாபாவிலும் கிடைக்கிறது. ஆம்பூர்க்காரரிடம் பிரியாணி வேண்டாம் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. வண்டியை ஒப்படைத்த பிறகு, அளவாகச் சாப்பிடுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். இறங்கச் சோம்பல்பட்டுக் குடிக்காமல் இருப்பதும் சிறுநீரை அடக்குவதும் கல்லில் கொண்டுவிடும், சர்க்கரை உள்ளவருக்கு நோய்த்தொற்றும் வரும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

கால் வீக்கத்துக்கும் இறங்கி நடப்பதுதான் முதல் மருந்து. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் நடங்கள். டோல்கேட் வரிசையில் ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கிக் காலையில் வடிந்துவிட்டால் பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பதால் வருவது. ஆனாலும் பிரஷர், சிறுநீரகம் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஒரே கால் மட்டும் வீங்கிக் கெண்டைச் சதை வலித்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. கூடவே மூச்சு வாங்கினால் ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள், எந்த ஊரில் இருக்கிறீர்களோ அங்கேயே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரோட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர முடியாது. ஆனால் பொங்கல் வாரத்தில் நம் பக்கத்து ரோடு வேறு ரோடு. பைக்கில் அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்புக் கட்டு. அந்தக் கட்டோடு அவர் உங்கள் இடது முன் சக்கரத்தை ஒட்டி வந்தால் கேபினிலிருந்து உங்களுக்குத் தெரியாது. அவர் தன்னை நீங்கள் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். இடது பக்கம் ஒடிக்கும் முன் கண்ணாடியை இரண்டு தடவை பாருங்கள், கிளீனரைத் தலையை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தை மாதம் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை கிராமங்களில் எருது விடும் விழா வரிசையாக நடக்கும். கூட்டம் நடுத் தடுப்பைத் தாண்டி ரோட்டுக்கு வரும், வேடிக்கை பார்க்கிறவர்கள் ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தியிருப்பார்கள். சர்வீஸ் ரோட்டில் எதிர்த் திசையில் வருவதும் அன்றைக்குச் சாதாரணம். வண்டி பழுதானால் லேனில் நிற்க விடாதீர்கள். முடியவில்லை என்றால் பின்னால் நல்ல தூரத்தில் முக்கோணப் பலகை, பார்க்கிங் லைட், நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு ஒரு போன். வண்டிகள் பாய்கிற பக்கம் இறங்காமல் இடது பக்கம் இறங்குங்கள். விபத்தில் யாராவது அடிபட்டுக் கிடந்தாலும் தயங்காமல் 108-ஐக் கூப்பிடலாம். தமிழ்நாட்டில் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் அரசு இலவசமாகத் தருகிறது, அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும்.

உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "எங்க வர்றீங்க?" என்று அரை மணிக்கு ஒரு தடவை போன் வந்தால் வண்டி ஓட்டுகிறவர் ஒரு கையால் போனைத் தேடுவார். நிற்கிற இடத்திலிருந்து அவர் கூப்பிடட்டும், அந்த நேரங்களை இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மாற்றுங்கள் என்று சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் போகியில் தொடங்கிக் காணும் பொங்கல் வரை பண்டிகை நான்கு நாள். பொங்கல் காலை என்பதை மாட்டுப் பொங்கல் என்று இப்போதே சொல்லிவிட்டால், கிருஷ்ணகிரியில் அந்த இரவு நிம்மதியாகத் தூங்குவீர்கள்.

குறட்டையை நீங்கள் திட்டு வாங்குகிற விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. குறட்டை நடுவில் மூச்சு சில நொடி நின்று, திணறலோடு மறுபடி வருகிறதா என்று வீட்டில் கேளுங்கள். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும் தலை பாரமாக இருக்கிறதா, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறதா? உடல் பருமன் இருந்து, சட்டைக் காலர் அளவும் 17 அங்குலத்துக்கு மேல் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிற நோய் இது. இது இருந்தால் இரவில் நூற்றுக்கணக்கான தடவைகூட மூளை விழித்து விழித்து அடங்கும், எத்தனை மணி நேரம் படுத்தாலும் தூக்கம் நிறையாது. சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் வராமல் இழுக்கும். ஒரு இரவு தூக்கப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். காற்றை மெல்ல அழுத்தித் தரும் முகமூடி மிஷினைப் போட்டுத் தூங்கினால் பலர் சில நாளிலேயே ஆள் மாறிவிடுகிறார்கள். லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து மறைக்காதீர்கள். சிகிச்சை எடுத்துக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

காணும் பொங்கல் முடிந்ததும் ஒரு நாள் லோடு எடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஒதுக்குங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகம், இ.சி.ஜி., பாதம், தூக்கப் பரிசோதனைக்குப் பெயர் கொடுப்பது எல்லாம் சேர்த்து முடித்துவிடலாம். வீட்டுக்காரம்மாவையும் அழைத்துப் போங்கள், நீங்கள் தூங்கும்போது நடப்பதை அவரால்தான் சொல்ல முடியும். கண்ணின் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை அங்கே செய்யும் கோளாறு ஆரம்பத்தில் வலிக்காது, ராத்திரியில் எதிர் லைட் அதிகமாகக் கூசுவதுகூட அதனால் இருக்கலாம். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துத்தான் பார்ப்பார்கள், பல மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும். அன்றைக்குப் பைக்கைக்கூட எடுக்காமல் பஸ்ஸில் போய் வாருங்கள்.